செப்டம்பர் 22: நமக்குத் தெரிந்த கப்பலும் தெரியாத கப்பலும்



இன்று செப்டம்பர் 22. பதிவு கொஞ்சம் நீளம். கை வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். "டீச்சர் ரிட்டயர்ட் ஆகியும் பாடம் நடத்துறத விடல" என்று யாரோ முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. பரவாயில்லை, கேட்கட்டும்.

நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். வராந்தாவில் நான் திரும்பும்போதே "எம்டன் வருதுடா" என்று ஒரு குரல் ஓடும். உடனே வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிடும். அந்தப் பெயரால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம். அதனால் நான் கண்டுகொண்டதே இல்லை.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்று உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் ஊரே பயந்துபோனது. மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கானவர்கள் சென்னையை விட்டு ஓடினார்கள். அன்று முதல் நம் பேச்சில் 'எம்டன்' என்றால் பொல்லாத ஆள், பயப்பட வேண்டிய ஆள். 2006இல் வந்த 'எம் மகன்' படத்துக்குக்கூட முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'தான்.

இன்று நான் எழுத வந்தது எம்டனுக்குச் சொந்தக்காரன் ஒருவனைப் பற்றி. அதே 1914 செப்டம்பர் 22. எம்டன் சென்னைக்கு வந்தது இரவில். அன்று காலையிலேயே, ஐரோப்பாவில் ஹாலந்து கரைக்கு அப்பால், இன்னொரு ஜெர்மன் கப்பல் மூன்று ஆங்கிலேயப் போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிட்டது. அதன் பெயர் யு-9. நீர்மூழ்கிக் கப்பல்.

இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. டான்சிக் என்ற ஊரில் இருந்த ஜெர்மன் அரசின் கப்பல் கட்டும் தளம் அது. அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. எம்டன் 1908இல் தண்ணீரில் இறங்கியது. யு-9, 1910 பிப்ரவரியில் இறங்கி, அதே வருடம் ஏப்ரலில் கடற்படையில் சேர்ந்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி வீரர்களுக்குக் கொடுக்கும் இரும்புச் சிலுவை விருதை ஒரு கப்பலுக்கே கொடுத்தது இரண்டு முறைதான். ஒன்று எம்டனுக்கு, இன்னொன்று யு-9க்கு.

அண்ணனை நமக்குத் தெரியும். தம்பியைத் தெரியாது. ஆனால் தம்பியின் கதையில்தான் நமக்கு இன்றைக்கும் வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

படகு எப்படி இருந்தது?

ஜெர்மனியின் முதல் ராணுவ நீர்மூழ்கி யு-1. அது 1906இல் சேர்ந்தது. இன்றும் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யு-9 அதற்கு நான்கு வருடம் இளையது. நீளம் 57 மீட்டர். பள்ளி மைதானத்தில் 50 மீட்டர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அதைவிட ஏழு மீட்டர் அதிகம், அவ்வளவுதான். அதற்குள் சுமார் முப்பது பேர், ஆறு டார்ப்பிடோ, எஞ்சின், பேட்டரி, சமையல், படுக்கை எல்லாம்.

கடல் மட்டத்தில் ஓடும்போது மண்ணெண்ணெய் எஞ்சின். ஆமாம், நாம் ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று வாங்கிய அதே மண்ணெண்ணெய்தான். டீசல் எஞ்சின் யு-19லிருந்துதான் வந்தது. மண்ணெண்ணெய் எஞ்சினில் பெரிய தொல்லை புகை. பகலில் வெள்ளைப் புகை தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். இரவில் தீப்பொறி பறக்கும். ஒளிந்து வேலை செய்ய வேண்டிய கப்பல், ஊருக்கே தெரியும்படி புகைபோக்கியைத் தூக்கிக்கொண்டு போகும். மூழ்குவதற்கு முன் அந்தப் புகைபோக்கியைக் கழற்றி மடக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் பேட்டரியில் மோட்டார் ஓடும். மெதுவாகத்தான் போகும், அதுவும் கொஞ்ச தூரம்தான்.

உள்ளே வாழ்க்கை எப்படி என்று, அதில் அதிகாரியாக இருந்து பின்னால் கேப்டன் ஆன யோஹான்னஸ் ஷ்பீஸ் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய படுக்கை மிகச் சிறியது. மல்லாந்து படுக்க முடியாது. ஒருக்களித்துப் படுத்து, ஒரு பக்கம் சுவரும் மறு பக்கம் அலமாரியும் அழுத்த, கப்பல் ஆடும்போது விழாமல் இருப்பார். மூச்சுக் காற்றின் ஈரம் இரும்புக் கூரையில் நீராகிச் சொட்டும். தூங்குகிறவன் முகத்தில் விழும். முன்பக்கம் டார்ப்பிடோ ஏற்ற வேண்டுமானால், கேப்டன் உட்பட அங்கே தங்கியிருப்பவர்கள் சாமான்களையெல்லாம் காலி செய்துகொடுக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு விசாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. நம் பள்ளியில் படித்து இன்று கடற்படையில் இருக்கும் ஒருவன், "டீச்சர், ஒரு தடவை வாங்க" என்று கூப்பிட்டு, கடற்கரையில் வைத்திருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைக் காட்டினான். அது 1969இல் சோவியத் நாட்டிலிருந்து வாங்கி, 2001 வரை நம் கடற்படையில் ஓடிய நீர்மூழ்கி. 91 மீட்டர் நீளம். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்ட ஓட்டை வழியே காலைத் தூக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். என் முட்டிவலிக்கு அது பெரிய சோதனை. ஏசி ஓடியும், கரையில் நின்றும், எனக்குப் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. வெளியே வந்ததும் அவனிடம், "அம்மாகிட்ட இதுக்குள்ள எப்படி இருக்கும்னு சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன். சிரித்தான். "சொன்னா தூங்குவாங்களா டீச்சர்?" என்றான்.

யு-9 அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் இருந்த முப்பது பேருக்கும் அம்மா இருந்திருப்பார்கள்.

அந்தக் காலை

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பத்து நீர்மூழ்கிகள் ஆங்கிலேயக் கப்பல்களைத் தேடிப் புறப்பட்டன. யு-9க்குப் பாதி வழியிலேயே எஞ்சின் கோளாறு, திரும்பிவிட்டது. போன மற்றவற்றில் இரண்டு திரும்பி வரவே இல்லை. இந்தப் படகுகள் எதற்கும் உதவாது என்று நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

யு-9இன் கேப்டன் ஓட்டோ வெடிகன். வயது 32. போர் தொடங்கிய அந்த ஆகஸ்டில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. செப்டம்பர் 20ஆம் தேதி புறப்பட்டார்கள். திசைகாட்டும் கருவி கெட்டுப்போய் வழி தவறினார்கள். பிறகு புயல். 21ஆம் தேதி இரவு தண்ணீருக்கு அடியில் போய் ஒதுங்கிக் கிடந்தார்கள். 22ஆம் தேதி விடியற்காலை மேலே வந்து பார்த்தால், கடல் அடங்கியிருக்கிறது. தூரத்தில் மூன்று பெரிய கப்பல்கள் ஒரே வரிசையில் நிதானமாக வந்துகொண்டிருக்கின்றன.

அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. மூன்றும் சுமார் 12,000 டன் எடை. யு-9 ஐந்நூறு டன்கூட இல்லை. ஆனால் அவை பழைய கப்பல்கள். அதில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்றுக் குடும்பம் குட்டியோடு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்து, போர் வந்ததும் திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள். கூடவே, டார்ட்மவுத் கடற்படைப் பள்ளியிலிருந்து பாதிப் படிப்பில் எழுப்பிக் கப்பலேற்றிய பையன்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பு.

இந்தக் கப்பல்களுக்கு அவர்கள் கடற்படையிலேயே ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'உயிர்த் தூண்டில் படை'. தூண்டிலில் புழுவை உயிரோடு கோப்போமே, அந்த அர்த்தத்தில். எதிரிக் கரைக்குப் பக்கத்தில் பழைய கப்பல்களைத் தனியாகச் சுற்ற விடுவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலே செப்டம்பர் 18ஆம் தேதி, இவற்றை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். மேலதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஆனால் மாற்றுக் கப்பல்கள் வரட்டும், அதுவரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அரசாங்கக் கோப்பு எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலிருக்கிறது. எழுதி நான்காம் நாள் இது நடந்தது.

காவலுக்கு வரவேண்டிய சிறிய விரைவுக் கப்பல்கள் புயல் காரணமாகத் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தன. நீர்மூழ்கி இருக்கும் கடலில் வளைந்து வளைந்து போக வேண்டும். இவை மூன்றும் நேராகப் போயின, அதுவும் மெதுவாக.

காலை 6 மணி 20க்கு முதல் டார்ப்பிடோ அபூகிரைத் தாக்கியது. யாரும் நீர்மூழ்கியைப் பார்க்கவில்லை. கண்ணிவெடி என்று நினைத்தார்கள். அபூகிர் சாய ஆரம்பித்ததும், மற்ற இரண்டும் உதவிக்கு அருகில் வந்தன. ஆட்களை ஏற்றப் படகுகளை இறக்கின.

தண்ணீருக்கு அடியில் யு-9 குழாயில் அடுத்த டார்ப்பிடோவை ஏற்றிக்கொண்டிருந்தது. மூழ்கிய நிலையிலேயே மறுபடி ஏற்றுவதை அந்தக் குழுவினர் போருக்கு முன், ஜூலை மாதம்தான் பழகி முடித்திருந்தார்கள். உலகத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. 6.55 மணிக்கு, சுமார் 270 மீட்டர் தூரத்திலிருந்து, இரண்டு டார்ப்பிடோக்கள் ஹோக்கைத் தாக்கின. அதற்குள் அபூகிர் கவிழ்ந்துவிட்டது.

கிரெஸ்ஸிக்கு இப்போது நீர்மூழ்கி என்று தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் தண்ணீரில் நூற்றுக்கணக்கான தலைகள். 7.20க்கு யு-9 பின்பக்கக் குழாயிலிருந்து இரண்டு விட்டது. ஒன்று தவறியது, ஒன்று பட்டது. திரும்பி வந்து, மிச்சமிருந்த கடைசி டார்ப்பிடோவை விட்டது. 7.55க்கு கிரெஸ்ஸியும் போய்விட்டது.

6.20 முதல் 7.55 வரை. இரண்டு பீரியடு நேரம். இறந்தவர்கள் 1,459 பேர். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் மொத்தமே சுமார் இருநூறு பிள்ளைகள். அப்படி ஏழு பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பெயர் கூப்பிட்டால் ஒரு குரல்கூட 'உள்ளேன்' என்று சொல்லாது. எண்ணை அப்படித்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

பிழைத்தவர்கள் 837 பேர். அதில் ஒரு பையன், விக்கம்-மஸ்கிரேவ் என்று பெயர், வயது 15. அபூகிர் மூழ்கும்போது நீந்தி ஹோக்கை எட்டிப் பிடித்தான். ஹோக் மூழ்கியது. நீந்தி கிரெஸ்ஸிக்குப் போனான். கிரெஸ்ஸியும் மூழ்கியது. கடைசியில் மிதந்துகொண்டிருந்தவனை ஒரு ஹாலந்து படகு தூக்கியது. அவர் 1989 வரை வாழ்ந்தார்.

மூன்றாம் பெஞ்சுக் கேள்வி

இந்தக் கதையை ஏழாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு செட்டில், மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ரெண்டாவது கப்பல் உதவிக்குப் போகாம இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்ல டீச்சர்? அப்ப உதவி பண்றது தப்பா?"

அந்த வருடம் பாடப்புத்தகத்தில் எந்தப் பயிற்சி வினாவும் அவ்வளவு நல்லதாக இல்லை. நான் பதில் சொல்லவில்லை. "வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க" என்று விட்டேன்.

மறுநாள் ஒருவன் எழுந்து சொன்னான்: "எங்க தாத்தா சொன்னாரு டீச்சர். கிணத்துல விழுந்தவன எடுக்கப் போறவன் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு எறங்கணுமாம். மேல ரெண்டு பேர் கயிறப் பிடிச்சு நிக்கணுமாம். சும்மா குதிச்சா ரெண்டு பொணமாம்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஆங்கிலேயக் கடற்படை விசாரணைக் குழு வைத்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரு வரியில் சொல்லியிருந்தார்.

விசாரணையில் என்ன சொன்னார்கள்? நேராகப் போனது தவறு என்று கப்பல் அதிகாரிகளையும் குறை சொன்னார்கள். ஆனால் பெரிய பழி, அவர்களை அங்கே அப்படிச் சுற்ற விட்ட மேலிடத்தின் மேல் விழுந்தது. பிறகு ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் ஒரு கப்பல் அடிபட்டால், பக்கத்தில் இருக்கும் பெரிய கப்பல் நிற்கக் கூடாது. போர்க் கணக்குப்படி அது சரியான உத்தரவுதான். ஆனால் தண்ணீரில் தத்தளிக்கிறவன் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மாதம் ஒருமுறையாவது பேப்பரில் இந்தச் செய்தி வருகிறது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவரை இறக்கினார்கள். விஷவாயு தாக்கி மயங்கினார். காப்பாற்ற இறங்கிய இரண்டாமவர் மயங்கினார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்கினார். அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு இந்த மூன்று பெயர்தான் வரிசையாக வருகிறது.

உங்களில் ஒருவனுடைய அண்ணன் அப்படித்தான் போனான். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவன் இரண்டாவதாக இறங்கியவன். முதலில் இறங்கியவன் அவனோடு வேலை பார்த்தவன். வேலைக்கு அனுப்பியவர்கள் கயிறு தரவில்லை, முகமூடி தரவில்லை. துக்கத்துக்குப் போனபோது திண்ணையில் ஒருவர், "இவன் எதுக்கு எறங்கணும்? அறிவில்லாம எறங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவனுடைய அம்மா உள்ளேதான் இருந்தார்கள், அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

அந்தச் சொல்லுக்குத்தான் இந்தப் பதிவு.

உதவிக்குப் போனவன் முட்டாள் இல்லை. ஹோக் கப்பலின் கேப்டன் முட்டாள் இல்லை. கண் முன்னால் ஆள் செத்துக்கொண்டிருந்தால் மனிதன் ஓடத்தான் செய்வான். அது மனிதனிடம் இருக்கும் நல்ல குணம். அந்த நல்ல குணம் இரண்டாவது பிணம் ஆகாமல் இருக்க, முன்கூட்டியே கயிறு தயாராக இருந்திருக்க வேண்டும். கயிறு தர வேண்டியவர்கள் ஒருவர், இறங்கிச் செத்தவர்கள் வேறொருவர். பழி மட்டும் செத்தவர் மேல்.

பிறகு என்ன ஆயிற்று?

யு-9 வெற்றியோடு திரும்பியது. ஜெர்மனியே கொண்டாடியது. குழுவில் இருந்த அனைவருக்கும் இரும்புச் சிலுவை. அக்டோபர் 15ஆம் தேதி, ஸ்காட்லாந்து பக்கம், ஹாக் என்ற இன்னொரு கப்பலை யு-9 மூழ்கடித்தது. முந்தைய ஹோக் வேறு, இந்த ஹாக் வேறு. 1911இல் டைட்டானிக்கின் சகோதரிக் கப்பலான ஒலிம்பிக்கோடு மோதியது இந்த ஹாக்தான். அன்று தபால் பைகளை வாங்குவதற்காக நின்று, கூட்டத்தைவிட்டுப் பிரிந்திருந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டுக் கடிதம் வாங்க நின்ற கப்பல். 2024இல்தான் கடலுக்கு அடியில் அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

வெடிகன் நாட்டின் மிகப் பெரிய வீரர் ஆனார். புதிய, பெரிய படகான யு-29 அவரிடம் கொடுக்கப்பட்டது. 1915 மார்ச் 18ஆம் தேதி, டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பல் அந்தப் படகின் மேலேயே ஏறி மோதியது. படகின் மூக்கு ஒரு கணம் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்தது. 29 என்ற எண் தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கல்யாணமாகி ஏழு மாதம்.

யு-9 இப்போது ஷ்பீஸ் கையில். 1915 மே மாதத் தொடக்கத்தில் அது வடகடலில் மீன்பிடிக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. இதை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஏழு மாதத்துக்கு முன், அந்தச் செப்டம்பர் காலையில் தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கியவர்களில் இரண்டு ஆங்கிலேய மீன்பிடிக் கப்பல்களும் உண்டு. அப்படிப்பட்ட கப்பல்கள்தான் இப்போது இலக்கு.

பிறகு பால்டிக் கடலுக்குப் போனது. 1916 ஏப்ரலில் வயதாகிவிட்டது என்று போர்முனையிலிருந்து எடுத்து, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். ஒரு வகையில் ஆசிரியர் வேலை. அதோடு ஒரே வரிசையில் கட்டிய யு-10, யு-11, யு-12 மூன்றும் போரில் மூழ்கின. யு-9 மட்டும் முடிவுவரை இருந்தது. 1918 நவம்பர் 26ஆம் தேதி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1919இல் மோர்கம் என்ற கடற்கரை ஊரில் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். இரும்புச் சிலுவை வாங்கிய படகின் கதை அப்படி இரும்புக் கடையில் முடிந்தது. அண்ணன் எம்டன் அதற்கு முன்பே, 1914 நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுக் கரைதட்டிவிட்டது.

நிற்கத் துணிந்தவர்கள்

மூன்றாம் பெஞ்சுப் பெண்ணே, நீ இன்று ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் கேள்விக்கு என் பதில் இது.

மூன்று கப்பல்களும் மூழ்கிய பிறகு, எட்டரை மணி வாக்கில் ஃபுளோரா என்ற ஒரு சின்ன ஹாலந்து சரக்குக் கப்பல் அங்கே வந்தது. ஹாலந்து அந்தப் போரில் எந்தப் பக்கமும் இல்லை. அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கடலில் கண்ணிவெடி இருக்கிறதா, நீர்மூழ்கி இருக்கிறதா, தெரியாது. மூன்று கப்பல் போன இடத்தில் நான்காவதாக நிற்கிறோம் என்று மட்டும் தெரியும். நின்றார்கள். 286 பேரைத் தூக்கி ஏற்றினார்கள். அவ்வளவு பேருக்கு அதில் இடமே கிடையாது. டைட்டன் என்று இன்னொரு ஹாலந்து கப்பலும் வந்து நின்றது.

நிற்கக் கூடாது என்ற உத்தரவு சரியாக இருக்கலாம். ஆனால் அன்று யாருமே நிற்காமல் இருந்திருந்தால் பிழைத்த 837 பேரில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்? எனவே உதவி தவறே இல்லை அம்மா. கயிறு இல்லாமல் ஆளை இறக்கி விடுவதுதான் தவறு.

உங்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள், நகராட்சியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், அடுக்குமாடி சங்கத்தில் செயலாளராக இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் ஆழமான இடத்தில் இறங்குகிறார் என்றால், முதலில் அவரை இறக்காமல் இயந்திரத்தால் அந்த வேலையை முடிக்க முடியுமா என்று பாருங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படியே குற்றம். அப்புறம் எந்த ஆபத்தான வேலையானாலும், கயிறு எங்கே, மேலே நிற்கப் போவது யார் என்று முதலில் கேளுங்கள். கோப்பு நகரட்டும் என்று நான்கு நாள் காத்திருக்காதீர்கள்.

திண்ணையில் யாராவது "அவன் எதுக்கு எறங்கணும்" என்று ஆரம்பித்தால், வயதில் பெரியவராக இருந்தாலும் பரவாயில்லை, எழுந்து பதில் சொல்லுங்கள். டீச்சர் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விசாகப்பட்டினத்தில் இருப்பவனே, அம்மாவுக்கு வாரம் ஒரு போன் செய்.

எல்லோரும் நன்றாக இருங்கள். மழை வரப்போகிறது, வீட்டைச் சுற்றி மூடாத குழி, திறந்த கிணறு இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்